ஒற்றைத் தண்டவாளமும் கடிகாரமும்

பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்த ஆண்டு 1924. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை முதல் வண்டி 1864 டிசம்பரில் ஓடிற்று. 1867இல் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் பாதை எட்டியது. எஞ்சிய சிறு தொலைவைக் கடக்க மட்டும் 30 ஆண்டுகள் சென்றன. மலையின் குணம் அப்படி. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தையும், தெமோதரை நிலையத்தின் அடியிலேயே பாதை சுற்றி வந்து நுழையும் குகையையும் புகழாதார் இல்லை. ஆயினும் நிலைய அதிபரின் அறையில் இருந்த ஓர் இரும்புப் பெட்டியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. உயிர் காத்தது அதுதான்.

ரம்புக்கனைக்கு மேலே பாதை ஒற்றைப் பாதை. ஏறும் வண்டிக்கும் இறங்கும் வண்டிக்கும் ஒரே தண்டவாளம். வளைவுகளும் மூடுபனியும் குகைகளும் சாரதியின் கண்ணை மறைக்கும். பாரம் ஏற்றி இறங்கும் வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்தவும் இயலாது. எதிரே வண்டி வராது என்பதை எவ்வாறு உறுதி செய்வது?

புகையிரதம் தோன்றிய காலத்தில் இதற்கு விடையாக இருந்தது கடிகாரம். இன்ன நிலையத்தில், இன்ன நேரத்தில் இரு வண்டிகளும் ஒன்றையொன்று கடக்கும் என்று அட்டவணை வகுத்தனர். ஒரே திசையில் ஒரு வண்டி சென்று சில நிமிடங்கள் கழிந்தால் பின்னால் மற்றொன்றை அனுப்பினர். நிமிடம் கழிந்தது, ஆதலால் முன்னே சென்ற வண்டியும் நகர்ந்திருக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. வழியில் இயந்திரம் பழுதுபட்டு நின்றுவிட்ட வண்டியைப் பற்றிக் கடிகாரத்துக்கு என்ன தெரியும்?

மின்தந்தி வந்தபின் நிலைமை ஓரளவு திருந்திற்று. ஆனால் தந்தியும் தவறக்கூடும் என்பதை 1874 செப்டம்பர் 10ஆம் நாள் இரவு இங்கிலாந்து கண்டது. நாரிச் நகருக்கு அருகே, தோர்ப் என்னுமிடத்தில் ஒற்றைப் பாதை. லண்டனிலிருந்து வந்த விரைவு வண்டி தாமதமாகியிருந்தது; எதிர்ப்புறத்தில் தபால் வண்டி அதற்காகக் காத்துநின்றது. எத்தனை நேரம் காக்க வைப்பது? தபால் வண்டியை வரவிடலாம் என்ற செய்தியை நாரிச் நிலைய அலுவலர் ஒருவர் தந்தி எழுத்தரிடம் கூறினார்; கையொப்பம் இடவில்லை. எழுத்தர் அதை அனுப்பிவிட்டார். இதற்கிடையே விரைவு வண்டியும் புறப்பட்டுவிட்டது. செய்தியை இரத்துச் செய்ய முயன்றபோது, தபால் வண்டி கிளம்பிவிட்டது என்ற பதில் வந்தது. பாதையின் இரு முனைகளிலும் இருந்தவர்கள் நடக்கப்போவதை அறிந்திருந்தனர். தடுக்க மட்டும் வழியில்லை. 25 பேர் மாண்டனர்.

இவ்விபத்தின் பின் எட்வர்ட் டையர் என்பவர் ஒரு கருவியை வகுத்து 1878இல் காப்புரிமை பெற்றார். அயல் நிலையங்கள் இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி; இரண்டையும் மின்கம்பி இணைக்கும். பெட்டிக்குள் நிலையப் பெயர்கள் பொறித்த வட்டத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். டேப்லட் என்று அழைக்கப்பட்டது இத்தகடே. ஒரு நிலைய அதிபர் மணியடித்து அனுமதி கேட்பார். அடுத்த நிலைய அதிபர் தம் பெட்டியின் வழியே இசைவு தந்தால்தான் தகடு வெளிவரும். ஒரு தகடு வெளியே வந்ததும் இரு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அத்தகட்டை இரண்டில் ஒரு பெட்டியினுள் திரும்ப வைக்கும்வரை இன்னொன்றை எவராலும் எடுக்க முடியாது. சொல் இரண்டு இடங்களில் இருக்கலாம். தகடு ஓரிடத்தில்தான் இருக்கும். டையரின் நுட்பம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

மலைநாட்டுப் பாதையில் நெடுங்காலம் நடைபெற்றது இம்முறையே. வளையத்தில் கட்டிய தோற்பையில் தகட்டை இட்டு நிலைய ஊழியர் நீட்டுவார். சாரதிப் பெட்டியிலிருப்பவர் கைநீட்டிப் பற்றிக்கொள்வார். தோட்டத்து மக்கள் 'கோச்சி' என்றழைத்த அவ்வண்டிகளில் ஊவாவின் தேயிலை துறைமுகத்துக்கு இறங்கிற்று. 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களும் இவ்வழியே தலைமன்னார் நோக்கிச் சென்றன. நிலையங்களில் எழுந்த அழுகை எத்தனை பெரிதாயினும், தகடு கைக்கு வராமல் வண்டி அசையவில்லை. வந்தபின் நிற்கவும் இல்லை.

கடிகாரம் எத்துணை நிலையற்றது என்பதை இலங்கையரே பின்னாளில் கண்டனர். மின் பற்றாக்குறையால் 1996 மே மாதம் நாட்டு நேரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது; அவ்வாண்டு அக்டோபரில் அரைமணி குறைக்கப்பட்டது; 2006 ஏப்ரலில் பழைய நேரமே மீண்டது. அட்டவணைகள் மாறின. பெட்டியின் பூட்டோ நேரம் என்னவென்று கேட்பதே இல்லை.

அந்தப் பழைய சிக்கல் இன்று கைபேசிக்குள்ளும் கணினிக்குள்ளும் தலைகாட்டுகிறது. படங்களைச் சேமிக்கும் மெமரி கார்டுக்கு ஒரு கட்டுப்படுத்திச் சில்லு கட்டளை அனுப்புகிறது. அதை நடத்தும் நிரலுக்கு இயக்கி என்று பெயர். கார்டு பதில் தராமலே போகலாம் என்பதால் இயக்கி ஒரு டைமரை முடுக்கிவிட்டுக் காத்திருக்கும். இங்கே பிழைகள் இரண்டு வகை. டைமர் தீர்ந்ததை வேலை முடிந்ததற்கு அடையாளமாகக் கொள்வது முதலாவது. தீர்ந்தது என்றால் பதில் வரவில்லை என்பதற்கு மேல் பொருளில்லை. மற்றது, கார்டைக் கழற்றி இயக்கியையும் அகற்றியபின் பழைய டைமர் ஒலித்து, அங்கே இல்லாத நினைவிடத்தைத் தொடுவது. நிறுத்திய டைமரை வேறொரு பகுதி மீண்டும் முடுக்கிவிடவும் கூடும். 2023 பெப்ரவரியில் வெளியான லினக்ஸ் 6.2இல், ஸ்டீவன் ராஸ்டெட், தோமஸ் கிளைக்ஸ்னர் ஆகியோரின் உழைப்பால் இதற்கென ஒரு தனி வழி சேர்க்கப்பட்டது. அது டைமரை நிறுத்தும். ஏற்கெனவே ஓடத் தொடங்கிய வேலை முடியும்வரை காத்திருக்கும். பின்னர் எவரும் அதை முடுக்கவொட்டாமல் பூட்டிவிடும்.