டர்போவைக் கழற்றி வைத்த கதை

போன மாசம் ஏற்காடு மலை ஏறிட்டிருந்தேன். சேலம் பக்கத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவு தாண்டியிருப்பேன், வண்டி திடீர்னு செத்த மாதிரி ஆயிடுச்சு. ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சாலும் ஏதோ 800 சிசி வண்டி மாதிரி முக்குது. டேஷ்போர்டுல என்ஜின் லைட் எரியுது. பின்னாடி வந்த பஸ்காரர் அடிச்ச ஹாரன் இன்னும் காதுல இருக்கு.

வண்டி செகண்ட் ஹேண்ட்ல வாங்கின டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். முந்தின ஓனர் கம்ப்யூட்டரை ரீமேப் பண்ணி, பெரிய இன்டர்கூலர் எல்லாம் போட்டு வெச்சிருந்தார். அதுக்காகத்தான் வாங்கினேன், ஒத்துக்கறேன். ரெண்டு வருஷச் சேமிப்பு.

கீழ வந்து ஸ்கேன் பண்ணினப்போ பி0299-னு ஒரு கோட். கேட்ட அளவு பூஸ்ட் வரலைன்னு அர்த்தம். வண்டியே தன்னோட பவரைக் குறைச்சுக்கிட்டிருக்கு, 'லிம்ப் மோட்'னு சொல்வாங்களே, அது. ட்யூனிங் பண்ற ஒருத்தர்கிட்ட காட்டினேன். "அந்த லிமிட்டைக் கம்ப்யூட்டர்ல ஆஃப் பண்ணி விட்டுடலாம் ப்ரோ, பத்து நிமிஷ வேலை"ன்னார். இல்லேன்னா டர்போவையே மாத்தணுமாம். அவர் சொன்ன விலையில ஒரு நல்ல பைக்கே வாங்கலாம்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம படிச்சப்பதான் இந்தக் கதை கிடைச்சுது. அறுபது வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல இதே கேள்வி, இதே பதில்.

1962. ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்துல ஓல்ட்ஸ்மொபைல்னு ஒரு பிராண்ட். அவங்க ஜெட்ஃபயர்னு ஒரு கார் விட்டாங்க. பொதுமக்கள் ஷோரூம்ல போய் வாங்கக்கூடிய முதல் டர்போ கார்கள் ரெண்டுல ஒண்ணு. இன்னொண்ணு அதே கம்பெனிக் குடும்பத்துல, அதே வருஷம் வந்த செவர்லே கார்வேர் மான்ஸா ஸ்பைடர்.

ஜெட்ஃபயர்ல அலுமினிய வி8. கொள்ளளவு 215 கன அங்குலம், அதாவது மூன்றரை லிட்டர். பவரும் 215 குதிரைத்திறன். ஒரு கன அங்குலத்துக்கு ஒரு குதிரை. அந்தக் கணக்குதான் அப்போ பெருமை.

இங்க கொஞ்சம் நிக்கணும். டர்போன்னா என்ன? வெளியே போற புகையோட வேகத்துல ஒரு சக்கரம் சுத்தும். அதே தண்டுல மறுபக்கம் இருக்கிற சக்கரம் காத்தை அமுக்கி என்ஜினுக்குள்ள திணிக்கும். நிறையக் காத்து, நிறையப் பெட்ரோல், நிறையப் பவர். சிக்கல் என்னன்னா, அமுக்கின காத்து சூடாகும். சிலிண்டருக்குள்ள பிஸ்டன் அதை இன்னும் அமுக்கும். பிளக் பொறி வெச்சதும் நெருப்பு ஒழுங்கா ஒரு பக்கத்துல இருந்து பரவணும். ஆனா சூடும் அழுத்தமும் எல்லை மீறினா, நெருப்பு போய்ச் சேர்றதுக்குள்ள மிச்சம் இருக்கிற கலவை தானாவே வெடிச்சிடும். இதைத்தான் நம்ம மெக்கானிக் அண்ணன்கள் "நாக் அடிக்குது"ன்னு சொல்றது. தகர டப்பாவுக்குள்ள கூழாங்கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி சத்தம். விட்டா பிஸ்டன்ல ஓட்டையே விழும்.

கார்வேர்காரங்க பாதுகாப்பா, பிஸ்டன் அமுக்கற அளவைக் குறைச்சு, கம்ப்ரஷன் ரேஷியோவை 8க்கு 1-னு வெச்சாங்க. ஓல்ட்ஸ்மொபைல்காரங்களுக்கு அது பிடிக்கல. டர்போ வேலை செய்யாத நேரத்துலயும் வண்டி துடிப்பா இருக்கணும்னு 10.25க்கு 1-னு வெச்சாங்க. அதுக்கு மேல டர்போ. அப்போ நாக் வராம இருக்க என்ன பண்றது? பூஸ்ட் ஏறும்போது தண்ணியும் மெத்தனாலும் கலந்த திரவத்தைக் கொஞ்சம் உள்ள தெளிக்கணும். அது ஆவியாகறப்போ சூட்டை இழுத்துக்கும். அந்தத் திரவத்துக்கு வெச்ச பேர், சிரிக்காதீங்க, 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்'.

யோசனை புதுசு இல்ல. இரண்டாம் உலகப் போர்ல பி-47 தண்டர்போல்ட் மாதிரி விமானங்கள்ல டர்போவும் இருந்தது, தண்ணி தெளிக்கிற ஏற்பாடும் இருந்தது. நல்லாவே வேலை செஞ்சது. ஆனா ஒரு விமானம் தரையிறங்கினதும் அதைச் சுத்தி ஒரு குழுவே நிக்கும். ஆயில் பாப்பாங்க, தண்ணி நிரப்புவாங்க. விமானி மறந்தாலும் அவங்க மறக்க மாட்டாங்க. ஓல்ட்ஸ்மொபைல், விமானத்துல இருந்த டெக்னாலஜியைக் கொண்டுவந்து காருக்குள்ள வெச்சது. அந்தக் குழுவைக் கொண்டுவர முடியல. அந்த வேலை முழுக்க ஆபீஸ் போய் வர்ற ஒரு சாதாரண ஓனர் தலையில விழுந்தது.

அவர் மறந்தார். வேற என்ன நடக்கும்?

இன்ஜினியர்கள் அதையும் யோசிச்சு வெச்சிருந்தாங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. திரவம் தீர்ந்துட்டா காத்துப் பாதையில இருக்கிற இன்னொரு வால்வு பாதையைக் குறுக்கிடும். பூஸ்ட் ஏறாது, என்ஜின் பிழைச்சுக்கும். கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல, வெறும் வால்வையும் டயஃப்ரத்தையும் வெச்சு ஒரு லிம்ப் மோட்!

ஆனா ஓட்டறவர் பக்கம் இருந்து பாருங்க. காசு கொடுத்து ராக்கெட்னு சொல்லி வாங்கின வண்டி. ஒரு நாள் ஓவர்டேக் பண்ண மிதிக்கிறார், இழுக்கல. வண்டி தன்னைக் காப்பாத்திக்குதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? வண்டி ரிப்பேர்னுதான் டீலர்கிட்ட போவார். அந்தப் பட்டறையில இருக்கிறவங்க கார்புரேட்டர் பார்த்துப் பழகினவங்க. டர்போன்னு ஒண்ணை அவங்க கையில எடுத்ததே இப்பதான். ஸ்கேனர் கிடையாது, கோட் கிடையாது.

1962லயும் 63லயும் சேர்த்து மொத்தம் 9,607 ஜெட்ஃபயர்தான் செஞ்சாங்க. அப்புறம் நிறுத்திட்டாங்க. 1965ல கம்பெனியே ஒரு ஏற்பாடு செஞ்சது. வண்டியைக் கொண்டு வாங்க, டர்போவைக் கழற்றிட்டு, சாதாரண நாலு பேரல் கார்புரேட்டரை மாட்டித் தர்றோம். நிறைய வண்டிகள்ல அப்படியே நடந்தது. டர்போவும், அந்தத் திரவ டேங்க்கும், குழாய்களும் பட்டறை மூலையில போய்ச் சேர்ந்தது. அதனால இன்னிக்கு ஒரு ஜெட்ஃபயரை ஒரிஜினல் டர்போவோட பாக்கறதே அபூர்வம். தொந்தரவு தீர்ந்தது, உண்மைதான். ஆனா என்னைக் கேட்டா அதை ரிப்பேர்னு சொல்ல மாட்டேன்.

சரி, யார்தான் இதைச் சரியாப் பிடிச்சாங்க? ஓனரை நம்பாம, என்ஜின் சத்தத்தையே கேட்டவங்க. 1978ல பியூக் தன்னோட டர்போ வி6ல நாக் சென்சார் வெச்சது. நாக் வந்தா பிளக் பொறி வைக்கிற நேரத்தைப் பின்னாடி தள்ளிடும். ஸ்வீடன்ல சாப் கம்பெனி வேற வழியில போச்சு. 1977ல 99 டர்போவைக் காட்டினவங்க அவங்க. அங்க பேர் கில்பிராண்ட்னு ஒரு இன்ஜினியர், ஊரே அவரை 'டர்போ பெல்லே'ன்னுதான் கூப்பிடும். அவரோட ஏபிசி சிஸ்டம் 1980களின் தொடக்கத்துல வந்தது. என்ஜின் பிளாக்குல ஒட்டுக்கேட்கிற மைக் மாதிரி ஒரு சென்சார். நாக் ஆரம்பிச்ச உடனே ஒரு சின்ன வால்வு வழியா பூஸ்ட்டைக் குறைக்கும், அடங்கினதும் திரும்ப ஏத்தும். மட்டமான பெட்ரோல் போட்டா பவர் குறையும், என்ஜின் பிழைக்கும். அந்தத் தைரியத்துல கம்ப்ரஷனை 7.2ல இருந்து 8.5க்கு ஏத்தினாங்க. ஓல்ட்ஸ்மொபைல் ஆசைப்பட்டது இதேதான். நிரப்ப வேண்டிய டேங்க் மட்டும் இல்ல.

என் வண்டிக்கு வருவோம். லிமிட்டை ஆஃப் பண்ண வேண்டாம்னு முடிவு பண்ணி, எங்க ஏரியாவுல ஒரு வயசான மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். அவர் கோடைப் பார்த்தார், தலையாட்டினார், டர்போவைத் தொடவே இல்ல. இன்டேக் குழாய்க்குள்ள புகையை விட்டார். ரெண்டு நிமிஷம். இன்டர்கூலர் பக்கத்துல, ஹோஸ் சேர்ற இடத்துல இருந்து மெல்லிசா ஒரு கோடு மாதிரிப் புகை. கிளாம்ப் லூஸ், ஹோஸ்ல நீளமா ஒரு வெடிப்பு. முந்தின ஓனர் அந்தப் பெரிய இன்டர்கூலரை மாட்டினப்போ அளவு சரியா இல்லாத ஹோஸைப் போட்டிருக்கார்.

"அந்த லிமிட்டைத் தூக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்ண்ணே?"ன்னு கேட்டேன்.

"காத்து வெளிய போயிட்டே இருக்கும். கம்ப்யூட்டர் பத்தலை பத்தலைன்னு டர்போவை இன்னும் சுத்தச் சொல்லும். அது சுத்திச் சுத்திச் செத்திருக்கும், தம்பி. அப்புறம் நிஜமாவே டர்போ மாத்தணும்."

புது ஹோஸ், நல்ல கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து ஒரு டேங்க் பெட்ரோல் காசு கூட வரல. அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி ஏற்காடு போனேன். இருபது வளைவும் ஏறினேன். ரீமேப்பை என்ன பண்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல. ஏறும்போது மட்டும் பாட்டை நிறுத்திட்டு, கண்ணாடியை இறக்கி, சத்தத்தைக் கேட்டுட்டே போறேன்.

அடுத்த எபிசோட்ல ரெனோ. 1977ல சில்வர்ஸ்டோனுக்கு ஒரு டர்போ ஃபார்முலா ஒன் கார் கொண்டு வந்தாங்க. அடிக்கடி புகை விட்டதால 'மஞ்சள் டீ கெட்டில்'னு பேர் வாங்கின வண்டி. ரெண்டே வருஷத்துல ரெனோ டிஜான்ல ஜெயிச்சது எப்படின்னு பேசுவோம்.