நரம்பில் வாயில்கள் கூடுமிடம்

பாரிசு நகரிலே, 1870-களில், லூயி ரன்வியே என்னும் அறிஞர் நரம்பு நார்களை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து நுணுக்குக்காட்டியினூடே நோக்கினார். நாரைப் போர்த்திருந்த கொழுப்புறை தொடர்ச்சியாய் இருக்கவில்லை. பருத்த நார்களில், மில்லிமீற்றருக்கு ஒன்று என்னுமளவில் சிறு இடைவெளிகள் தென்பட்டன. அவற்றின் வழியாகவே கரைசல் உட்புகுந்தது. நரம்புக்கு உணவு செல்லும் வழி இதுவென அவர் எண்ணினார். கண்டது மெய், கொண்ட கருத்தோ முழுமையன்று.

அவ்விடைவெளிகளின் தொழில் புலப்பட அறுபது ஆண்டுகள் சென்றன. யப்பானிய அறிஞர் இச்சிஜி தசாக்கி, தேரையின் நரம்பிலிருந்து தனி நாரொன்றைப் பிரித்தெடுத்து, அதன்மேல் மரத்துப்போகச் செய்யும் மருந்தை இட்டார். உறை மூடிய பகுதியில் மருந்து பலிக்கவில்லை. இடைவெளியில் பட்டதும் அவ்விடம் செயலிழந்தது. நரம்புச் செய்தி நார்நெடுக ஊர்வதில்லை, இடைவெளிக்கு இடைவெளி தாவுகிறது என்று 1939-இல் அவர் எழுதினார். ஹக்ஸ்லியும் ஸ்டெம்ப்ஃப்லியும் 1949-இல் மின்னோட்டத்தை அளந்து அதனை உறுதிப்படுத்தினர்.

அச்செய்தி எழுவது சோடியம் அயன்கள் மென்சவ்வினூடே உட்பாய்வதால் என்பதை 1952-இல் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பெருநரம்பிலே காட்டினர். அப்படியாயின், அயன்கள் நுழையும் வாயில்கள் எங்கே உள்ளன? சிப்பிகளிற் சேரும் நஞ்சொன்று அவ்வாயில்களைச் சென்று பற்றும் இயல்புடையது. அந்நஞ்சைக் கொண்டே வாயில்களை எண்ணிவிட்டனர் றிச்சியும் ரொகார்ட்டும். முயலின் நரம்பில், இடைவெளியில் ஒரு சதுர மைக்கிரோமீற்றருக்கு ஏறத்தாழ 12,000 வாயில்கள். உறைக்கு அடியிலோ 25-க்கும் குறைவு! இது 1977-இல் வெளிவந்த கணக்கு.

மிதக்கும் இயல்புள்ள சவ்விலே இவ்வளவு வாயில்களைக் கலையாது நிறுத்துவது எது? செங்குருதிக் கலத்தில் முன்னரே அறியப்பட்டிருந்த அங்கிரின் என்னும் புரதத்தின் இனமொன்று இவ்விடைவெளிகளிலும் இருப்பதை 1990-இல் பெனற்றின் குழுவினர் கண்டனர். அங்கிரின் என்ற பெயர் நங்கூரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது, பொருத்தமான பெயர்தான். அது வாயிலை ஒருபுறமும் சவ்வின் அடியிலுள்ள புரத வலையை மறுபுறமும் பற்றிக்கொள்கிறது. நங்கூரம் எவ்விடத்தில் விழவேண்டுமென்பதில் நாரைச் சுற்றியுள்ள உறைக் கலங்களுக்கும் பங்குண்டு. அவற்றின் விளிம்புகள் இருபுறமும் வேலிபோல் நின்று வாயில்களை நடுவே ஒதுக்குகின்றன.

பல்லிடத் தடிப்பு நோயில் அவ்வுறை அழிகிறது. வேலியிழந்த வாயில்கள் வெறுமையான நார்நெடுகச் சிதறுகின்றன. தாவிச் சென்ற செய்தி அங்கே தளர்ந்து ஊர்கிறது. சிலவேளை நடுவழியிலேயே நின்றும்விடுகிறது.