கவிழ்ந்த கப்பலை நிமிர்த்திய வில்லை

தொலைநோக்கி வானத்துக்காகவே பிறந்தது என்ற எண்ணம் பிற்காலத்தது. 1608இல் ஹான்ஸ் லிப்பர்ஹே ஹேக் நகரில் காப்புரிமை கேட்டபோது ஆட்சியாளர்கள் அதில் கண்டது போர்க்கருவியை. 1609இல் கலிலியோ வெனிஸ் பிரபுக்களை மணிக்கூண்டில் ஏற்றிக் காட்டியதும் தூரத்துக் கப்பல்களைத்தான்.

அவருடைய குழாயில் காட்சி நேராகவே தெரிந்ததே, பின்னாளில் தொலைநோக்கிக் காட்சியை நிமிர்த்தும் வில்லைத் துணைக்கருவி வந்தது எதற்கு என்று கேட்கலாம். கண்ணருகே குழிவில்லை வைத்த அந்தக் குழாயின் பார்வைப் பரப்பு மிகக் குறுகல். உருப்பெருக்கம் கூடக்கூட இன்னும் சுருங்கும். 1611இல் கெப்ளர் விளக்கிய இரு குவிவில்லை அமைப்பு பரப்பை விரித்தது, காட்சியைக் கவிழ்த்தது. வானியலாளர் பொருட்படுத்தவில்லை, சனிக்கோளுக்கு மேலேது, கீழேது? கப்பலைத் தேடும் மாலுமிக்கு அது பெருந்தொல்லை. ஆகவே கூடுதல் வில்லைகள் புகுந்தன. ரைட்டா என்ற கப்புச்சின் துறவி 1645இல் நிமிர்த்தும் அமைப்பைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு வில்லையும் வெளிச்சத்தைத் தின்றது என்ற குறை நியாயமானதே. ஆனால் பகலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, இரவில்தான் அந்த இழப்பு கட்டுப்படியாகாது. துணைக்கருவி தரைக்கென்று ஒதுங்கியது இதனால்தான். நில அளவையாளர் பலர் மட்டும் கோணம் அளக்கும் தியோடலைட்டின் தலைகீழ்க் காட்சிக்கே பழகிக்கொண்டார்கள். குறுக்கிழையில் குறி பொருந்தினால் அவர்களுக்குப் போதும். 1854இல் போரோ என்பவர் பட்டகங்களால் ஒளிப்பாதையை மடித்துக் காட்சியை நிமிர்த்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின் நீண்ட குழாய்க்கும் தேவை குறைந்தது.