‘தொமெஸ்தீக்’: ஒரு வசவின் பூர்வீகம்

1911ஆம் ஆண்டு தூர் து பிரான்ஸ் சைக்கிள் பந்தயம். வெற்றி வாய்ப்பை இழந்துவிட்ட மொரிஸ் புரோக்கோ, பின்தங்கிப் போன பிரான்சுவா ஃபாபேருக்காகக் காத்திருந்து, முன்னால் ஓட்டிக் காற்றை மறைத்து, அவரை எல்லைக்கோடு வரை கூட்டி வந்தார். அவரவர் தமக்காக மட்டுமே ஓட்ட வேண்டும் என்பது அன்றைய விதி. புரோக்கோ கூலிக்கு உழைத்தார் என்று நிரூபிக்க அமைப்பாளர் ஆன்ரி தெகிராஞ்சிடம் சான்று இல்லை. அதனால் தம் ‘லோத்தோ’ நாளிதழில் அவரை ‘தொமெஸ்தீக்’ என்று ஏசினார். அடுத்த கட்டத்தில் பிரனே மலைகளைக் கடந்து பயோனுக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்தார் புரோக்கோ. தெகிராஞ்ச் அவரைப் பந்தயத்தை விட்டே நீக்கினார்.

அந்தச் சொல்லுக்கு இவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது?

ஆங்கில அகராதிகளில் தேடலைத் தொடங்கினேன். ‘டொமெஸ்டிக்’ என்றால் வீடு சார்ந்தது, உள்நாட்டுக்குரியது, வீட்டு வேலையாள். ‘தொமெஸ்தீக்’ என்ற பிரெஞ்சு வடிவமும் ஆங்கிலத்தில் தனியாக உண்டு: அணித்தலைவருக்காக உழைக்கும் சைக்கிள் வீரர். வேர், வீட்டைக் குறிக்கும் ‘தோமுஸ்’ என்ற இலத்தீன் சொல். இவற்றில் எதிலும் இழிவு இல்லை.

அடுத்து, 1690இல் வெளிவந்த ஃபியூரெத்தியேரின் பிரெஞ்சு அகராதி. அதில் ஒரு பெரிய மனிதரின் வீட்டைச் சேர்ந்த எல்லாருமே தொமெஸ்தீக். காரியதரிசியும் கணக்குவழக்கு பார்ப்பவரும்கூட அதில் அடக்கம். அப்போதும் அது வசவு அல்ல.

சட்ட நூல்களைப் புரட்டியபோதுதான் தடயம் கிடைத்தது. பிரெஞ்சுப் புரட்சி தந்த 1791 அரசியலமைப்பு, கூலிக்கு வீட்டு ஊழியம் செய்பவருக்கு வாக்குரிமையை மறுத்தது. எஜமானரை அண்டி வாழ்பவருக்குச் சொந்த முடிவு இருக்காது என்பது அதன் பின்னாலிருந்த வாதம். 1793 உரிமைப் பிரகடனம் வீட்டு ஊழியர் என்ற நிலையைச் சட்டம் ஏற்காது என்றது. ஆனால் அந்த ஆண்டின் அரசியலமைப்பு நடைமுறைக்கே வரவில்லை. 1804 சிவில் சட்டத்தின் 1781ஆம் பிரிவு இன்னும் கொடியது. சம்பளத் தகராறு நீதிமன்றம் போனால், எஜமானர் சொன்னதே மெய். கூலி எவ்வளவு, கொடுத்தாயிற்றா என்பதற்கு அவர் வாய்மொழியே சாட்சி. 1868இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

தெகிராஞ்ச் பிறந்தது அந்தப் பிரிவு நடப்பில் இருந்த 1865இல். இளமையில் சட்ட அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். தன் பேச்சுக்கு மதிப்பில்லாதவன், தனக்கென ஒரு முடிவு இல்லாதவன் என்ற பொருளை அந்தச் சொல்லில் ஏற்றியது வீடு அல்ல, சட்டம் என்பதே என் முடிபு. புரோக்கோவைச் சுட்டதும் அந்தப் பொருள்தான்.

ஆகவே பழைய பிரெஞ்சு ஆவணத்தில் ‘தொமெஸ்தீக்’ எதிர்ப்பட்டால், ‘வேலைக்காரர்’ என்று எழுதுமுன் ஆண்டைப் பாருங்கள். 1690 என்றால் அவர் ஒரு பிரபுவின் காரியதரிசியாகவும் இருக்கலாம்; 1791 என்றால் வாக்குச்சீட்டு மறுக்கப்பட்ட மனிதர்.