மலைநாட்டில் நிலமும் துண்டும்: ஓர் ஒப்பியல் நோக்கு

வாளால் ஒரு நாட்டை வென்றவர், அதனை நிலைபெற ஆள்வதற்கு நிலத்தின் மீதான உரிமையையும் தமதாக்கிக்கொள்ள வேண்டியவராகின்றனர். 1066இல் இங்கிலாந்தை வென்ற நோர்மானியர், இருபது ஆண்டுகளுள் ஆங்கிலோ-சக்சன் பிரபுக்களின் நிலங்களிற் பெரும்பாலானவற்றைத் தம்மவர்க்கு உரித்தாக்கினர். 1086இல் அவர்கள் தொகுத்த டூம்ஸ்டே ஏடு ஏரையும் ஆலையையும் எண்ணியவாறே குடியானவரையும் அடிமைகளையும் எண்ணிப் பதிந்தது. நிலம் யாவும் இறுதியில் மன்னனுக்கே உரியது என்னும் கோட்பாடும் அவ்வாட்சியிலேயே வேரூன்றியது. ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளின் பின் அக்கோட்பாடு கண்டி மலைகளை வந்தடைந்தமையையே நாம் ஈண்டு நோக்க முற்படுகின்றோம்.

1815 மார்ச் 2ஆம் நாள் கண்டிப் பிரதானிகளோடு செய்த உடன்படிக்கையின் வழி பிரித்தானியர் மலைநாட்டைப் பெற்றனர். 1817-18இல் ஊவா-வெல்லச கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் பிரதானிகளின் அதிகாரங்கள் குறைக்கப்பட்டன. எனினும், சக்சன் பிரபுக்களைப் போல அவர்கள் துடைத்தெறியப்படவில்லை, அரசின் உத்தியோகத்தராக்கப்பட்டனர். அடி விழுந்தது குடியானவன் மீதே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் என்பன மறுதலை நிறுவப்படும் வரை முடிக்குரியன எனக் கொண்டது. கண்டிப் பகுதியின் சேனை நிலத்திற்கு உரிமை கோருவோர் சன்னசையோ வழமையான வரி செலுத்திய சான்றையோ காட்டல் வேண்டும். வழக்காற்றால் காட்டை அனுபவித்தவனிடம் எழுத்துச் சான்று ஏது? அந்நிலம் 1844 வரை ஏக்கர் ஐந்து சில்லிங்கிற்கு விற்கப்பட்டது. வாங்கியோருள் அரசின் உயர் அதிகாரிகளும் இருந்தனர் என்பது நோக்கற்பாலது.

ஆயின், எல்லாத் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களை அழித்தே எழுந்தன என்ற கூற்று நமக்கு உடன்பாடன்று. ஹற்றன், டிக்கோயா, நுவரெலியா மலைகளின் உயர்காடுகளில் மக்கட் குடியிருப்பு அரிதாகவே இருந்தது. தாழ்ந்த சரிவுகளிலோ நிலைமை வேறு. அங்கு வயல் குடியானவனிடமே எஞ்சிற்று. வயலுக்கு உயிரூட்டிய மேய்ச்சல் நிலமும் சேனையும் பறிபோயின.

பறித்த நிலத்தில் உழைக்கக் கண்டிக் குடியானவன் பெரும்பாலும் முன்வரவில்லை. நோர்மானியர் வென்ற மக்களையே பண்ணைகளில் உழைப்பித்தனர். பிரித்தானியரோ மூன்றாவதொரு மக்களைத் தமிழகத்திலிருந்து கொணர்ந்தனர். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவிய பின்னரும், 1884இல் புகையிரதம் ஹற்றனை அடைந்த பின்னரும் தொழிலாளியின் பிணைப்பு அறவில்லை. பயணச் செலவும் முற்பணமும் கங்காணியின் கணக்கில் அவன் கடனாக ஏறின. குறித்த தொகை செலுத்தப்படின் அக்கூட்டத்தை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த தாளே 'துண்டு'. அதனைப் பெற்று அடுத்த தோட்டத்துரை பணத்தைக் கட்டுவான். கடன் தீராது, கடன்காரன் மட்டும் மாறுவான். டூம்ஸ்டே ஏட்டில் மனிதன் நிலத்தின் பெறுமதியோடு சேர்த்துப் பதியப்பட்டான். துண்டிலோ அவனுக்கே விலை குறிக்கப்பட்டது. 1921இல்தான் சட்டம் இதனை ஒழித்தது.

நோர்மானியர் அம்மண்ணிலேயே தங்கிக் காலப்போக்கில் ஆங்கிலேயராயினர். 1362இல் நீதிமன்ற வாதத்திற்கு ஆங்கிலமே விதிக்கப்பட்டது. துரைமாரோ பணிக்காலம் முடிந்ததும் தாயகம் திரும்பினர். அவர்தம் சட்டம் விளைத்த சினம், எஞ்சி நின்ற தொழிலாளி மீதே திரும்பியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இவ்விரு கைமாற்றங்களிலும் இலயத்தில் வாழ்ந்தவனுக்கு அந்நிலத்திற் பங்கு கிடைக்கவில்லை.