மெம்பிஸ்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், டென்னசி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்த நகரம். எதிர்க்கரை ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்தது. நகரின் தெற்கு எல்லையைத் தாண்டினால் மிசிசிப்பி மாநிலம். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 6,33,104. இவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பின மக்கள். பருத்திச் சந்தைக்காகவும், ப்ளூஸ் இசைக்காகவும், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட ஊர் என்பதற்காகவும் மெம்பிஸ் உலகுக்குத் தெரியும். இவை மூன்றும் தனித்தனிக் கதைகளாகவே சொல்லப்பட்டு வருகின்றன. மூன்றிலும் வருகிறவர்கள் ஒரே மக்கள்தான்: துறையில் மூட்டை சுமந்தவர்கள், கொள்ளை நோயில் ஊரே காலியானபோதும் போக்கிடமின்றித் தங்கியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

மேடு

மிசிசிப்பியின் கீழ்ப்பகுதியில் வெள்ளம் ஏறாத கரை அரிது. கிழக்குக் கரையில் நான்கு இடங்களில் மேட்டுநிலம் ஆற்றை ஒட்டி நிற்கிறது. சிக்கசா பழங்குடியினரின் பெயரால் அவை சிக்கசா மேடுகள் எனப்படும். நான்காவது மேட்டில் எழுந்ததே இந்நகரம். 1795இல் ஸ்பெயின் இங்கே ஒரு கோட்டை கட்டி, இரண்டே ஆண்டுகளில் விட்டுச் சென்றது. 1818 ஒப்பந்தத்தில் சிக்கசா மக்கள் மேற்கு டென்னசி நிலம் முழுவதையும் இழந்தனர். அமெரிக்க அரசின் சார்பில் பேசிய ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு அந்த மேட்டில் முன்பே சொந்தப் பங்கு இருந்தது. அடுத்த ஆண்டு, 1819 மே மாதம், அவரும் ஜான் ஓவர்ட்டன், ஜேம்ஸ் வின்செஸ்டர் ஆகியோரும் சேர்ந்து மனை பிரித்து ஊரை நிறுவினர். நைல் நதிக்கரையின் பழைய தலைநகரப் பெயரையே இதற்கும் வைத்தனர். 1837இல் சிக்கசா மக்கள் தங்கள் மண்ணிலிருந்து மேற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்கு வெளியேற்றப்பட்டபோது, பலர் இந்த ஊர்த் துறையிலிருந்தே ஆற்றைக் கடந்தனர். நகரின் முதல் நில ஆவணத்திலேயே இந்த அநீதி இருக்கிறது என்பதைச் சொல்லாமல் மெம்பிஸின் வரலாற்றைத் தொடங்க முடியாது.

பருத்தி

ஆற்றின் இரு பக்கமும் விரிந்த வண்டல் நிலம் பருத்திக்கு ஏற்றது. அதை விளைவித்தவர்கள் அடிமைகள். 1857இல் அட்லாண்டிக் கரையின் சார்ல்ஸ்டனோடு ரயில் இணைப்பு வந்ததும் மெம்பிஸ் உள்நாட்டின் பெரிய பருத்திச் சந்தையானது. மனிதர்களை விற்கும் மண்டிகளும் ஊர் நடுவிலேயே இருந்தன. அவற்றுள் ஒன்றின் முதலாளி நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்ட், பின்னாளில் தென்மாநிலப் படைத் தளபதியாகவும், வெள்ளையின வெறிக் குழுவான கூ கிளக்ஸ் கிளானின் முதல் தலைவராகவும் ஆனவர்.

ஃபிரண்ட் தெருவின் பருத்தி வணிகம் அடிமைமுறை ஒழிந்த பின்னும் நூறாண்டு தழைத்தது. சுமார் 225 கிலோ எடையுள்ள ஒவ்வொரு பேலின் (பஞ்சுப் பொதியின்) இரு பக்கமும் சாக்குறையைக் கீறி, கைப்பிடிப் பஞ்சை உருவித் தாளில் சுற்றி, மாடிக்கு அனுப்புவார்கள். மேல்தளத்துக் கூரையில் வடக்கு நோக்கிக் கண்ணாடி பதித்திருக்கும். நேர்வெயில் விழாத அந்தச் சீரான வெளிச்சத்தில்தான் பஞ்சின் நிறமும் அதில் கலந்த தூசும் உள்ளபடி தெரியும். தரம் பார்ப்பவர் ஒரு சிட்டிகைப் பஞ்சை இரு கை விரல்களாலும் இழுத்துப் பிரித்து, இழைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீளத்தைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார். அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் விலை மாறும். விலை பேசும் அந்த அறைகள் வெள்ளையருக்கு உரியவை. பேலைப் புரட்டுவது, கீறுவது, துறைக்கு உருட்டிச் செல்வது எல்லாம் கறுப்பினத் தொழிலாளர் வேலை.

வட, தென் மாநிலங்களிடையே நடந்த உள்நாட்டுப் போரில் நகரம் பெரிய சேதமின்றித் தப்பியது. 1862 ஜூன் 6 அன்று காலை, ஊர்மக்கள் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, படகுப் போர் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்து வடமாநிலப் படை நகரைப் பிடித்தது. தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர். 1866 மே மாதத்தின் முதல் மூன்று நாட்களில் வெள்ளைக் காவலரும் கும்பல்களும் அவர்களின் குடியிருப்புகளைத் தாக்கி 46 கறுப்பின மக்களைக் கொன்றனர். அவர்கள் கட்டிய தேவாலயங்களையும் பள்ளிகளையும் எரித்தனர். விடுதலை பெற்றவர்களுக்குக் குடியுரிமையையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பையும் தந்த 14ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேற இக்கொடுமையும் ஒரு காரணம்.

1878

நகரின் போக்கையே மாற்றியது மஞ்சள் காய்ச்சல். டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்புகிறது. ஆனால் இது 1900இல்தான் உறுதியானது. 1878இல் கெட்ட காற்றே காரணம் என்று நம்பித் தெருமுனைகளில் தார் கொளுத்தினார்கள், சாக்கடைகளில் சுண்ணாம்பு கொட்டினார்கள். மழைநீர்த் தொட்டிகளில் முட்டையிட்ட கொசுவை யாரும் சந்தேகிக்கவில்லை.

ஆகஸ்ட் நடுவில் முதல் சாவு. இரண்டு வாரங்களுக்குள் ஏறத்தாழ 25,000 பேர், அதாவது ஊரில் பாதிப் பேர், ரயிலிலும் வண்டியிலும் படகிலும் வெளியேறினர். பக்கத்து ஊர்கள் துப்பாக்கியோடு நின்று மறித்தன. காசில்லாதவர்கள் தங்கினர்: சுமார் 14,000 கறுப்பின மக்கள், சுமார் 6,000 வெள்ளையர். இந்த வெள்ளையரில் பலர் ஆற்றோரச் சேரியில் வாழ்ந்த ஐரிஷ் ஏழைகள். தங்கியவர்களுள் 17,000 பேருக்குக் காய்ச்சல் கண்டது. 5,000 பேருக்கு மேல் இறந்தனர். வெள்ளையர் மூவரில் இருவர் மாண்டனர். கறுப்பினத்தவருள் நோய் கண்டவர் மிகுதி என்றாலும் இறந்தவர் ஆயிரத்துக்கும் குறைவு.

அந்த மூன்று மாதம் நகரத்தைத் தாங்கியவர்களை நினைவில் வைப்பது கடமை. கான்ஸ்டன்ஸ் என்ற ஆங்கிலிக்கன் துறவி, பாதுகாப்பான ஊரில் விடுமுறையில் இருந்தவர், செய்தி கேட்டதும் தோழியருடன் திரும்பி வந்து நோயாளிகளைப் பார்த்தார், செப்டம்பரில் இறந்தார். பாலியல் தொழில் விடுதி நடத்திய ஆனி குக் தன் மாளிகையையே மருத்துவமனையாக்கிப் பணிவிடை செய்து அதே மாதம் இறந்தார். கறுப்பினக் காவற்படையினர் கிடங்குகளையும் தெருக்களையும் காத்தனர். கறுப்பினச் செவிலியரும் குழி தோண்டுவோரும் இல்லாமல் ஊர் ஒரு வாரம்கூட நின்றிருக்காது. அக்டோபரில் உறைபனி விழுந்து கொசு மடிந்த பிறகே காய்ச்சல் ஓய்ந்தது.

கடனில் மூழ்கிய நகரம் 1879 ஜனவரியில் தன் நகராட்சி உரிமையையே இழந்து, மாநிலத்தின் வரி மாவட்டமாக இறங்கியது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஆனால் சாவு கற்பித்த பாடம் வீணாகவில்லை. 1880இல் மழைநீரோடு கலக்காத தனிக் கழிவுநீர்க் குழாய் அமைப்பு தொடங்கியது. 1887இல் ஆழ்துளையிட்டபோது மணற்படுகையில் தெளிந்த நீர் பொங்கியது. இன்றும் மெம்பிஸ் குடிப்பது மிசிசிப்பி நீரையன்று, இந்த நிலத்தடி நீரையே.

எல்லோரும் விற்றுவிட்டு ஓடியபோது நிலம் வாங்கியவர் ராபர்ட் சர்ச். படகுத் தலைவர் ஒருவருக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்து, நீராவிப் படகில் எச்சில் தட்டு கழுவி வளர்ந்தவர். 1866 தாக்குதலில் குண்டடி பட்டுப் பிழைத்தவர். நகராட்சி உரிமையை மீட்கக் கடன் பத்திரம் வெளியிட்டபோது ஆயிரம் டாலர் கொடுத்து முதல் பத்திரத்தை வாங்கியவரும் அவரே. 1893இல் உரிமை மீண்டது. பொதுப் பூங்காக்களில் கறுப்பினத்தவருக்கு இடமில்லாத அந்நாளில், 1899இல் பீல் தெருவில் அவர்களுக்கென்று ஒரு பூங்காவும் அரங்கமும் கட்டினார்.

ஆனாலும் செல்வம் எல்லோரையும் காக்கவில்லை. 1892 மார்ச்சில், வெள்ளைக் கடைக்காரரோடு போட்டியிட்டு மளிகைக் கடை நடத்திய தாமஸ் மாஸையும் அவருடைய கூட்டாளிகள் இருவரையும் ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது. மாஸின் தோழியான ஐடா பி. வெல்ஸ், தம் பத்திரிகையில் இக்கொலையை அம்பலப்படுத்தி, கறுப்பின மக்கள் இந்த ஊரை விட்டே போய்விட வேண்டும் என்று எழுதினார். ஆயிரக்கணக்கானோர் போனார்கள்; டிராம் வண்டிகள் வெறிச்சோடின. அவர் வெளியூர் சென்றிருந்தபோது அச்சகம் நொறுக்கப்பட்டது.

பீல் தெரு

ஆற்றங்கரையில் தொடங்கிக் கிழக்கே நீளும் பீல் தெருவில் கறுப்பினத்தவரின் வங்கி, பத்திரிகை, மருத்துவர், அடகுக் கடை, சூதாட்ட விடுதி எல்லாம் அடுத்தடுத்து இருந்தன. மிசிசிப்பி மாநிலத்து டெல்டாப் பருத்திக் காடுகளிலிருந்து சனிக்கிழமை தோறும் வந்தவர்களின் பாட்டை டபிள்யூ. சி. ஹாண்டி இசைக்குறிப்பாக எழுதி, 1912இல் 'தி மெம்பிஸ் ப்ளூஸ்' என வெளியிட்டார். அதன் முந்தைய வடிவம், அடுத்த நாற்பதாண்டு இந்நகர அரசியலைக் கைக்குள் வைத்திருந்த எட்வர்ட் கிரம்பின் தேர்தலுக்காக 1909இல் எழுந்தது.

எனக்கு ஹாண்டியைவிட நெருக்கமானவர் ஃபரி லூயிஸ். ரயில் ஏறும்போது ஒரு காலை இழந்தவர். 1927இல் இசைத்தட்டு பதித்தும் வயிற்றுக்குப் போதவில்லை. மரக்கால் பூட்டிக்கொண்டு நாற்பது ஆண்டுக்கும் மேலாக மெம்பிஸ் நகராட்சியின் தெருக் கூட்டும் தொழிலாளியாக இருந்தார். பகலில் கூட்டிய தெருக்களில் மாலையில் கித்தார் வாசித்தார்.

1948இல் டபிள்யூடிஐஏ வானொலி கறுப்பின அறிவிப்பாளரை அமர்த்தியது, பி. பி. கிங் அங்கேதான் பெயர் பெற்றார். 1950இல் சாம் பிலிப்ஸ் யூனியன் அவென்யூவில் திறந்த சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில் 1954 ஜூலையில் எல்விஸ் பிரெஸ்லி பதிவு செய்த முதல் இசைத்தட்டு, ஆர்தர் குரூடப் என்னும் கறுப்பினக் கலைஞரின் பாட்டு. எல்விஸ் பெற்ற செல்வத்தில் குரூடப்புக்கு உரிய பங்கு கடைசிவரை வரவில்லை. மெக்லமோர் அவென்யூவின் பழைய திரையரங்கில் இயங்கிய ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தில், ஊர் முழுதும் இனப்பிரிவினை நிலவிய காலத்திலேயே, இரு இனத்தவரும் ஒரே குழுவில் அமர்ந்து வாசித்தனர்.

1968

அன்று மெம்பிஸில் குப்பையை வாசலில் வைப்பதில்லை. துப்புரவுத் தொழிலாளி கொல்லைப்புறம் சென்று, தொட்டியைக் காலி செய்து, தன் தகரத் தொட்டியில் நிரப்பித் தோளிலோ தலையிலோ சுமந்து வர வேண்டியிருந்தது. தொட்டி ஓட்டையானால் அழுகல் நீரும் புழுவும் மேலே வழியும். மாலையில் வீட்டு வாசலிலேயே உடையைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர்கள் உண்டு. முழுநேரம் உழைத்தும் பலர் அரசு நிவாரணத்துக்குத் தகுதியான வறுமையில் இருந்தனர்.

1968 பிப்ரவரி 1 அன்று மழைக்குக் குப்பை வண்டிக்குள் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்னும் தொழிலாளர் இருவரையும் பழுதான அழுத்து இயந்திரம் நசுக்கிக் கொன்றது. பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைக்கு வரவில்லை. சங்கத்தை ஏற்க மாட்டேன் என்றார் நகரத் தலைவர் ஹென்றி லோப். 'நான் ஒரு மனிதன்' என்ற அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர்கள் நாள்தோறும் நடந்தனர்.

போராட்டக் குழுவை நடத்திய பாதிரியார் ஜேம்ஸ் லாசன், 1950களில் நாகபுரியில் மூன்றாண்டு பணியாற்றிக் காந்தியின் சத்தியாக்கிரக முறையைக் கற்றவர். அவர் அழைத்தே மார்ட்டின் லூதர் கிங் வந்தார். மார்ச் 28 ஊர்வலம் கலவரமாகி ஒரு சிறுவன் காவலர் குண்டுக்குப் பலியானான். ஏப்ரல் 3 இரவு, புயல் மழையில், மேசன் ஆலயத்தில் கிங் தம் கடைசி உரையை ஆற்றினார். மறுநாள் மாலை 6.01 மணிக்கு லொரெய்ன் விடுதியின் 306ஆம் அறை வாசலில் சுடப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகரம் சங்கத்தை ஏற்று ஊதியத்தை உயர்த்தியது. அப்போது ஓய்வூதியமின்றி விடப்பட்டவர்களுள் உயிரோடிருந்தோருக்கு 50,000 டாலர் வீதம் தர நகராட்சி முன்வந்தது 2017இல். அரை நூற்றாண்டுத் தாமதம் அது. பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

அதன் பின்

கொலைக்குப் பின் நகர மையம் வெறிச்சோடியது. புனரமைப்பு என்ற பெயரில் பீல் தெருவைச் சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான கட்டடங்களை இடித்தனர். மிஞ்சிய சிறு பகுதியே 1983 முதல் சுற்றுலாத் தெருவாக இயங்குகிறது. ஸ்டாக்ஸ் 1975இல் நொடித்தது. லொரெய்ன் விடுதி 1991இல் தேசியக் குடிசார் உரிமைகள் அருங்காட்சியகமானது. 1973 முதல் ஃபெடெக்ஸ் சரக்கு விமானங்கள் இரவெல்லாம் இறங்கி ஏறுகின்றன; மூட்டை சுமப்பது ஆற்றிலிருந்து ஆகாயத்துக்கு மாறியிருக்கிறது. குழந்தைப் புற்றுநோய்க்குக் கட்டணமின்றிச் சிகிச்சை தரும் செயின்ட் ஜூட் மருத்துவமனை 1962இல் தொடங்கியது. உணவில் ஊரின் பெருமை புகையில் மெல்ல வெந்த பன்றி விலா. குழம்பு தடவாமல் மசாலாப் பொடி மட்டும் பூசுவது உள்ளூர்ப் பாணி. ஃபாரஸ்டின் குதிரைச் சிலை 1905 முதல் ஊர்ப் பூங்காவில் நின்று, 2017 டிசம்பரில் இறக்கப்பட்டது.

தென்மேற்குப் புறத்தில் பாக்ஸ்டவுன் என்னும் குடியிருப்பு இருக்கிறது. விடுதலை பெற்ற அடிமைகள் 1860களில் ரயில் பெட்டிகளின் மரத்தைக் கொண்டு வீடு கட்டிய இடம். அதன் வழியாகவும் நகரம் குடிக்கும் நிலத்தடி நீர்ப்படுகையின் மேலாகவும் கச்சா எண்ணெய்க் குழாய் பதிக்கத் திட்டமிட்டார்கள். குடியிருந்தவர்கள் நிலத்தைத் தர மறுத்து ஊர்வலம் போனார்கள், வழக்காடினார்கள். 2021 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது. முன்நின்று நடத்திய இளைஞர் ஜஸ்டின் பியர்சன் 2023இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார்.