இஸ்திரிப் பெட்டியின் அடி

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு சின்ன விபத்து. பையனின் பாலியஸ்டர் பள்ளிச் சட்டையை, என் காட்டன் சட்டைக்கு வைத்திருந்த சூட்டிலேயே தேய்த்துவிட்டேன். சட்டை போயிற்று. பெட்டியின் அடியில் கறுப்பாகப் பிசின் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டது. தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பார்வை மட்டும். (அது எப்படிப்பட்ட பார்வை என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்!)

அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மட்டாஞ்சேரி ஞாபகம் வந்தது. அங்கே ஒரு கிளையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியில் வேளி என்றொரு இடம். அங்கே 'டோபிகானா' இருக்கிறது. முதல் தடவை உள்ளே போனபோது கல்லில் துணி அடிபடும் சத்தத்துக்கு நடுவே, "அந்தத் துணிய எடுத்து அந்தப் பக்கம் போடு" என்று தமிழ் கேட்டது. ஊரை விட்டு வந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் வண்ணார் சமூகத்தினர். கொச்சி 1663-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போனது. 1795-ல் ஆங்கிலேயர் வந்தார்கள். நடுவில், 1720-களில், டச்சுப் படைவீரர்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கூட்டி வரப்பட்டவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. நாமெல்லாம் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்புவதற்கு ஏறக்குறைய முந்நூறு வருடம் முன்பே கிளம்பியவர்கள்! துவைக்கத் தனித்தனித் தொட்டிகளோடு இப்போதுள்ள டோபிகானாவை 1976-ல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்தது. நடத்துவது அவர்களுடைய வண்ணார் சங்கம்.

அங்கே துணிக்குச் சோற்றுக்கஞ்சி போடுவார்கள். முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிக் காயப் போடுவார்கள், கிளிப் கிடையாது. அப்புறம் தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட பெட்டி. கையில் தூக்கிப் பார்த்தேன், மணிக்கட்டு சுளுக்கிக்கொள்ளும் போலிருந்தது.

இனி சரித்திரத்துக்கு வருவோம். பெட்டியின் அடியில் படியும் கறைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஐரோப்பாவில் அந்தக் காலத்துப் பெட்டி ஒரு கனத்த இரும்புக் கட்டி, அவ்வளவுதான். அதை அடுப்பின் மேலேயே வைத்துச் சூடாக்கினார்கள். கைப்பிடியும் சேர்ந்து சுடும். அமெரிக்காவில் மேரி பாட்ஸ் என்ற பெண்மணி 1871-ல் கழற்றி மாட்டும் கைப்பிடிக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அடுப்புக் கரி அடியில் ஒட்டுவது மட்டும் தீரவில்லை. தேன்மெழுகைத் துணியில் பொதிந்து, சூடான அடியில் தேய்த்துத் துடைப்பது அவர்கள் வைத்தியம். நம் கரிப்பெட்டியில் நெருப்பு உள்ளே இருப்பதால் அடிக்கு அடுப்புக் கரி வராது. இங்கே வில்லன் கஞ்சிதான். ஈரம் இருக்கும்வரை சமர்த்தாக இருக்கும். ஈரம் வற்றிச் சூடு ஏறினால் பழுப்பாகி, அப்புறம் கரியாகிவிடும். அடுத்து வரும் வெள்ளைச் சட்டையில் ஒரு கோடு இழுத்துவிடும்.

1882-ல் நியூயார்க்கில் ஹென்றி சீலி மின்சாரப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். கரி போனது, கறை போகவில்லை. 1935-ல் நைலான் வந்தது. 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் டெரிலினைக் கண்டுபிடித்தார்கள். நம் அப்பாக்களின் டெரிலின், டெரிகாட்டன் சட்டைகள் அந்த வம்சம்தான். கஞ்சி கருகும், இவையோ உருகும். பாலியஸ்டர் உருகுவது சுமார் 260 டிகிரியில் என்றாலும் அதற்கு முன்பே இளகி ஒட்ட ஆரம்பித்துவிடும். சட்டைக் காலரில் உள்ள புள்ளிகளைப் பாருங்கள். ஒரு புள்ளி 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. நான் பார்க்கவில்லை!

எனவே கறையின் ஜாதகம் தெரிந்தால்தான் பரிகாரம். கஞ்சிக் கறை என்றால், ப்ளக்கைப் பிடுங்கி, ஆறிய பின் ஈரத்துணியை அடியில் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள். ஊறியதும் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். உருகிய துணி என்றால் பெட்டியை லேசாகச் சூடாக்கி, கறை இளகியதும் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மரக்கரண்டியால் தள்ளி, பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். நம் ஊரில் பாராசிட்டமால் மாத்திரை வைத்தியமும் பிரபலம். மாத்திரை சுமார் 170 டிகிரியில் உருகிக் கறையோடு சேர்ந்து வந்துவிடும். இடுக்கியில் பிடியுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நான்ஸ்டிக் அடி என்றால் உப்பு, கம்பி நார் பக்கமே போகாதீர்கள்.

கொச்சியில் எனக்குத் துணி தேய்த்துக்கொடுத்த பெரியவரின் பெட்டியில் கறையே பார்த்ததில்லை. சட்டையில் வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் நனைத்த சாக்கில் ஒரு இழுப்பு இழுப்பார். அந்தச் 'சுர்' சத்தத்திலேயே சூடு எவ்வளவு என்று தெரிந்துவிடும் அவருக்கு. ஏன் அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் என்று கேட்டேன்.

"துணி நம்மது இல்லையே சார்" என்றார்.

எத்தனையோ பேருடைய டெபாசிட் பணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் என் ஆச்சி வீட்டுக்குத் துணி எடுக்க வருபவர் புழக்கடையில்தான் நிற்பார். தாத்தா வயது அவருக்கு. பத்து வயதுப் பையன் நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். யாரும் என்னைக் கண்டித்ததில்லை. கொச்சியில் அதே வேலை செய்தவரை அண்ணாச்சி என்றேன். நான் திருந்திவிட்டேன் என்றா? அங்கே நானும் வந்தேறி, அவரும் வந்தேறி. தமிழ் கேட்ட சந்தோஷத்தில் வாயில் வந்துவிட்டது. ஊரில் வராத மரியாதை ஊர் தாண்டியதும் வந்திருக்கிறது.

பெட்டியின் கறை ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. இந்தத் தடவை ஊருக்குப் போனால், புழக்கடையில் நின்றவரின் வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். அவர் பெயரே எனக்குத் தெரியாது.